டெவலப்பரில் தண்ணீர்

பிப்ரவரி 11, புதன்

இன்று கழுவிய இரண்டு பிலிம் ரோலும் சப்பென்று இருக்கின்றன. காய்ந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் சட்டைக்கும் பின்னால் இருந்த சுவருக்கும் வித்தியாசமே இல்லை. எல்லாம் கஞ்சி. இத்தனை வருஷமாக இதே டெவலப்பர் மருந்து, இதே டேங்க், இதே கை. அப்படியென்றால் மருந்துக் கடைக்காரன்தான் கலப்படம் செய்கிறான். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். வாசனையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ரெஜினா நேர்மாறாகச் சொல்கிறாள். "நெகட்டிவ் ரொம்ப ஹார்டா வருதுங்க, வெள்ளை வேற கறுப்பு வேறயா வெட்டுது. சாஃப்ட் பேப்பர்ல போட்டாக்கூட அடங்க மாட்டேங்குது." பிலிம் கழுவுவது என் வேலை, பிரிண்ட் போடுவதும் அதில் புள்ளி, கீறல் மறைத்து டச்சிங் செய்வதும் அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து லூர்து ஸ்டூடியோவில் இப்படித்தான். அவள் டேங்கைத் தொட மாட்டாள், நான் பேப்பரைத் தொட மாட்டேன். என் பக்கத்து வேலையில் அவள் மூக்கை நுழைப்பது இதுதான் முதல் தடவை.

பல்பு மாற்றினேன். அறுபது வாட்ஸ் என்று பல்புக் கடைக்காரன் சத்தியம் செய்து கொடுத்தான். நாற்பதுதான் எரிகிறது. திருட்டுப்பயல்.

பிப்ரவரி 16, திங்கள்

மேட்டுப்பட்டியிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா ஆல்பத்தோடு வந்து சத்தம் போட்டார். "என்னய்யா மரியலூயிஸ், எம் பொண்ணு மூஞ்சில சுண்ணாம்பா அடிச்சு விட்டிருக்க? பட்டுச்சேலைல ஒரு சரிகைகூடத் தெரியல!" எனக்குப் படம் நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருந்திருக்கலாம். ரெஜினாவின் தம்பி செபஸ்திதான் அந்தக் கல்யாணத்தை எடுத்தவன். கூப்பிட்டுக் கேட்டேன்.

"எக்ஸ்போஷர் எப்பயும் போலத்தான் மச்சான் குடுத்தேன்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துச் சொன்னான். அக்காளும் தம்பியும் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள்.

எனக்கே பாடம் எடுக்கிறார்கள். மருந்தில் பிலிம் கூடுதலாக ஊறினால் வெள்ளை எல்லாம் சுண்ணாம்பாகிவிடும், நிழல் எல்லாம் கரியாகிவிடும். குறைவாக ஊறினால் மொத்தமும் சாம்பல். தண்ணீர் கூட்டினால் அடங்கும், டேங்கை அதிகம் ஆட்டினால் முறுக்கும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழில். அதற்கு ஒரு சோதனை உண்டு. நெகட்டிவில் ரொம்பக் கறுப்பான இடத்தை, அதாவது படத்தில் வெள்ளையாக வரப்போகிற இடத்தை, தினசரிப் பேப்பர் மேல் வைத்தால், அடியில் இருக்கிற எழுத்தைச் சிரமப்பட்டாவது வாசிக்க முடிய வேண்டும். வாசிக்க முடியாவிட்டால் ஊறியது அதிகம்.

அந்தச் சோதனையை ஜனவரியோடு விட்டுவிட்டேன். பேப்பர்க்காரன் மையை மிச்சம் பிடிக்கிறான், அச்சு ஒன்றும் சரியில்லை. செய்தியை ரெஜினாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். நெகட்டிவை வெறும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ஏற்கெனவே கூட்டியது போதாது, இனிமேல் இன்னும் இரண்டு நிமிஷம் கூடுதலாக ஊற வைப்பேன்.

மார்ச் 3, சாம்பல் புதன்

காலைப் பூசை. பங்குச்சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். வீட்டுக்கு வந்ததும் ரெஜினாவிடம், "நீ பூசிக்கலையா?" என்று கேட்டேன். "இருக்கே" என்றாள், நெற்றியைத் தொட்டுக்கொண்டே. இந்த வருஷம் சாம்பலைக்கூட மிச்சம் பிடிக்கிறார்கள்.

பூசை முடிந்ததும் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை. நாற்பதுக்கும் மேல் பிள்ளைகள். வழக்கம் போல எனக்குத்தான் தருகிறாராம். ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புதுப் போட்டோக் கடைக்காரன் கோயிலுக்கு ஒரு பெரிய படம் இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொல்லி இந்த வேலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். "போன மாசம் ஏதோ பேச்சு அடிபட்டுச்சே, உண்மையா?" என்று கேட்டார். மேட்டுப்பட்டிக்காரன் அதற்குள் ஊர் முழுக்கப் பறையடித்துவிட்டான்.

புதுநன்மைப் படம்தான் இருப்பதிலேயே கஷ்டமான படம். நம் ஊர்ப் பிள்ளைகளின் நிறம், அதன் மேல் சலவை வெள்ளைக் கவுன், லேஸ், தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. முகமும் தெரிய வேண்டும், லேஸின் ஓட்டையும் தெரிய வேண்டும். இந்த வேலை கெட்டால் சாமியார் கையில் இருக்கிற பள்ளிக்கூடத்துப் பட வேலையும் போய்விடும். அதன்பிறகு ஸ்டூடியோவை இழுத்து மூடிவிட்டு நான் என்ன செய்வது?

மார்ச் 9, செவ்வாய்

வெயில் ஏறுகிறது. சூட்டில் மருந்துக்கு வேகம் கூடும் என்று டேங்கைப் பானைத் தண்ணீரில் உட்கார வைத்தேன். விசித்திரம் என்னவென்றால், புகார் ஒன்றும் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் படம் பிரமாதம் என்று வாங்கிப் போகிறார்கள். ஆனால் நெகட்டிவ் முன்னைவிடச் சப்பென்று இருக்கிறது. இரண்டு நிமிஷம் கூட்டியும் சப்பென்று இருக்கிறது. அது எப்படி?

மீன் குழம்பு. முள்ளை எடுத்துவிட்டுத்தான் பரிமாறினாள். நான் என்ன கைக்குழந்தையா என்று கேட்டேன். அடுத்த துண்டிலும் முள்ளை எடுத்துப் போட்டாள்.

மார்ச் 16, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

டெவலப்பர் வைக்கிற பெரிய பழுப்புப் பாட்டிலில் மருந்து நிற்கிற மட்டத்தில் நேற்று ஒரு நூலைக் கட்டி வைத்திருந்தேன். இன்று காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், சரியாகப் புலப்படவில்லை. குச்சியை உள்ளே விட்டு எடுத்து, ஈரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். நூலுக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கிறது. உபயோகித்தால் மருந்து குறையும். கூடுவதை நான் பார்த்ததில்லை. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

செபஸ்தி போன வாரம் புதுக் கடைக்காரனோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். நானே பார்த்தேன். சாலைக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தூரம்தான். அவனேதான்.

மார்ச் 20, சனி

இருட்டறைத் தரையில் டச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் பூசைக்குப் போனேன். திரும்பி வந்து குனிந்து பார்த்தேன். காலடி இருந்தது. பெரிய காலா சின்னக் காலா என்று சொல்ல முடியவில்லை, பவுடர் மட்டமான பவுடர். ஆனாலும் கால் கால்தான்.

செபஸ்தியைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். "மருந்துல தண்ணி ஊத்துறது நீதான?"

அவன் அக்காவைப் பார்த்தான். ரெஜினா வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டு, "என்ன சொல்றீங்களோ சொல்லிக்கங்க மச்சான்" என்றான்.

"உப்புத் தின்ன வீட்டு மருந்துலயே தண்ணி ஊத்துறியா? போ, அந்தப் புதுக் கடைக்கே போய்ச் சேரு!"

போய்விட்டான். இல்லை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை பாருங்கள். ரெஜினா சமையலறையில் அழுதாள். தம்பி செய்த துரோகத்துக்கு அழுகிறாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 27, சனி

"மதுரைக்கு ஒரு நடை போயி கண்ணைக் காட்டிட்டு வந்துருவோம்ங்க" என்றாள். சம்பந்தமே இல்லாமல். அப்பாவையும் இப்படித்தான் நைச்சியமாகப் பேசி கண் ஆபரேஷன் கேம்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நடந்து போனவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

இந்த நோட்டில் கோடு போட்டவனும் மையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். கோடே தெரியவில்லை.

ஏப்ரல் 2, வெள்ளி

மறுபடியும் நூலுக்கு மேலே. செபஸ்தி போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. வேறு யாரும் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். இதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6, செவ்வாய்

கடைவீதிக்குப் போய் நல்ல கனமான மாங்காய்ப் பூட்டாக வாங்கினேன். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டுக்குப் பஞ்சமா? மருந்து பாட்டிலை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவியைக் கழுத்தில் தொங்குகிற மாதா உத்தரியக் கயிற்றோடு முடிந்துகொண்டேன். திறக்கும்போதுதான் தொல்லை, சாவித் துவாரத்தை அந்தப் பூட்டுக்காரன் எங்கே வைத்தான் என்று தடவித் தடவித் தேட வேண்டியிருக்கிறது. திருடனுக்கும் அதே கஷ்டம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ரெஜினா டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எதுக்குங்க பூட்டு?" என்றாள். "சும்மாதான்" என்றேன். அவள் முகம் எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும் என்றுதான் கவனித்தேன். சரியாகத் தெரியவில்லை.

தவக்காலம், கல்யாணம் கிடையாது. ரோல் ஒன்றும் வரவில்லை. நல்லதுதான்.

ஏப்ரல் 13, செவ்வாய்

பாவசங்கீர்த்தனம். வரிசை கோயில் வாசல் வரை. நான் கோபம், கெட்ட வார்த்தை, விரத வெள்ளிக்கிழமையில் தின்ற ஒரு முட்டை என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எனக்குப் பின்னால் போன ரெஜினா வெளியே வரவே இல்லை. பின்னால் நின்ற கிழவி முழங்கால் மாற்றி முழங்கால் போட்டுச் சலித்துவிட்டாள். காலையில் அடுப்பு, பகலில் பிரிண்ட், சாயங்காலம் செபமாலை. இவளுக்கு அவ்வளவு நேரம் சொல்ல என்ன பாவம் இருக்கிறது? எனக்குத் தெரியாதா என்ன பாவம் என்று.

புதுக் கடைக்காரன் அவளுக்கு என்ன தருவதாகச் சொல்லியிருப்பான்? இத்தனை வருஷம் சேர்ந்து சாப்பிட்டவளை இப்படி நினைக்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நினைக்கிறேன்.

ஏப்ரல் 18, ஈஸ்டர்

ஆட்டுக்கறி. அவள் அடுப்படியில் சாப்பிட்டாள், நான் திண்ணையில் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 25, ஞாயிறு

புதுநன்மை. ரெஜினா எனக்குத் தெரியாமல் செபஸ்திக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "நாப்பது பிள்ளைகளை நீங்க ஒத்தையா எப்படிங்க?" சரி, காமிராவைத் தொடட்டும், இருட்டறை வாசலைத் தொடக்கூடாது என்றேன். பயல் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தான். எப்போதும் போல நன்றாகத்தான் எடுத்தான். கறுப்பு முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தை அவன் காமிராவில் வாங்கிவிட்டான், வெள்ளைக் கவுனை டேங்கில் அடக்குவது இனி என் பாடு. நான்கு ரோல்.

பிள்ளைகள் எல்லாம் புறா மாதிரி இருந்தன. ஒருத்தி மட்டும் பூமுடி குத்துகிறது என்று அழுதாள்.

ஏப்ரல் 26, திங்கள்

முதல் ரோலைக் கழுவிவிட்டேன். புதிதாகக் கலந்து பூட்டி வைத்த மருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியார் கையிலிருந்து விழவில்லை. இத்தனை நாள் ஏமாந்ததற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் ஊற வைத்தேன், நன்றாக ஆட்டினேன்.

வந்துவிட்டது! ஜன்னலில் பிடித்ததும் கவுன் கவுனாகத் தெரிந்தது, முகம் முகமாகத் தெரிந்தது. எடுப்பு என்றால் அதுதான் எடுப்பு. என் மருந்திலும் குற்றம் இல்லை, என் கையிலும் குற்றம் இல்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன். வாசலில் நின்ற ரெஜினாவிடம் நெகட்டிவை நீட்டி, "இப்ப சொல்லு" என்றேன். அவள் வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "மத்த மூணு ரோலை நாளைக்குப் பாத்துக்கலாம்ங்க, தலை வலிக்குது" என்றாள். தலை வலிக்காமல் என்ன செய்யும், பிடிபட்டவளுக்கு.

ஏப்ரல் 27, செவ்வாய்

பிரிண்டை ஈரத்தோடு என் முன்னால் கொண்டுவந்து போட்டாள்.

"பாருங்க."

"பளிச்சுனு இருக்கு."

"பளிச்சுனுதான் இருக்கு. லேஸ் எங்க? கவுன்ல தச்ச பூ எங்க? மடிப்பு எங்க? சுண்ணாம்புக் கட்டிய வெட்டி ஒட்டுன மாதிரி இருக்குங்க. முகத்தைப் பாருங்க, கரி. பெத்தவங்க அடையாளம் கண்டுபிடிக்கிறதே கஷ்டம்."

"உனக்குப் பொறாமை. இது நீ தண்ணி ஊத்தாத மருந்து."

"ஆமா" என்றாள். "இது நான் தண்ணி ஊத்தாத மருந்து."

இவ்வளவு நாள் சந்தேகப்பட்டுவிட்டு, அவளே ஒப்புக்கொள்ளும்போது எனக்குக் காது அடைத்துவிட்டது.

"ஏன்டி ஊத்துன?"

"நீங்க மாசாமாசம் நேரத்தைக் கூட்டிக்கிட்டே போனீங்க. வர்ற நெகட்டிவ் எல்லாம் கருங்கல்லு. சொன்னேன், கேக்கல. மேட்டுப்பட்டிக்காரரு வந்து கத்துனாரு, அப்பயும் கேக்கல. வேற வழி தெரியல, தண்ணி ஊத்துனேன். நீங்க கூட்டக் கூட்ட நானும் ஊத்துனேன். அதுக்கப்புறம் யாராச்சும் புகாருனு வந்தாங்களா?"

வரவில்லை. அது எனக்குத் தெரியும்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலீங்க. மாதா படத்து முன்னாடி விளக்கு எரியுதா எரியுதான்னு மூணு தடவை கேட்டீங்க. எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. சொன்னா உங்கப்பா கதைய நினைச்சுப் பயந்துக்கிட்டு அந்த இருட்டு ரூமுக்குள்ளயே போகாம உக்காந்துருவீங்க. எனக்கு அது வேண்டாம். செபஸ்திக்கும் தெரியும். நான்தான்னு சொல்ல வாயைத் திறந்தேன், அவன் விடல. அன்னைக்குச் சாமியார்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். புருசனை ஏமாத்துறேன், தம்பி பழிய ஏத்துக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லி அழுதேன்."

"பொய்" என்றேன். "எல்லாம் பொய்" என்றேன். பிரிண்டைக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 28, புதன்

அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, நானே பழைய சோதனையைச் செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன். இன்றைய பேப்பரை மேஜையில் விரித்து, பல்பை இறக்கிக் கட்டினேன். இரண்டு நெகட்டிவ் எடுத்துக்கொண்டேன். ஒன்று முந்தாநாள் கழுவிய புதுநன்மை. இன்னொன்று அவள் தண்ணீர் ஊற்றிய மார்ச் மாதத்து நெகட்டிவ்.

முதலில் புதுநன்மையை வைத்தேன். கவுனுக்கு அடியில் ஓர் எழுத்துகூட வாசிக்க வரவில்லை. சரி, ஊறியது அதிகம்தான் போலிருக்கிறது. பிறகு மார்ச் மாதத்து நெகட்டிவை வைத்தேன். அதற்கு அடியிலும் வாசிக்க வரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டும் ஒன்றுதான், அவள் சொன்னது பொய்தான் என்று எழுந்தேவிட்டேன்.

நெகட்டிவைக் கையில் எடுத்துக்கொண்டேன். வெறும் பேப்பர் மேஜையில் கிடந்தது.

அதையும் வாசிக்க முடியவில்லை.

தலைப்பு மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ இருந்தது. முகத்தைப் பேப்பரோடு ஒட்டிப் பார்த்தேன். பல்பை இன்னும் இறக்கிப் பார்த்தேன், நெற்றி சுட்டது.

ரெஜினா வந்ததும், "இதை வாசி" என்றேன். வெங்காயம் விலை ஏறியிருக்கிறதாம். கடகடவென்று வாசித்தாள்.

"அச்சு மங்கலா இருக்கா?"

"இல்லீங்க. நல்லாத்தான இருக்கு."

"இந்தப் பல்பைக் கழட்டிப் பாரு."

ஸ்டூலில் ஏறித் துணியால் பிடித்துக் கழற்றினாள். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். "அறுபதுனு போட்டிருக்குங்க."

பேப்பர்க்காரன், பல்புக்காரன், பூட்டுக்காரன், நோட்டுக்காரன், மருந்துக் கடைக்காரன், சாமியாரின் சாம்பல், செபஸ்தி, ரெஜினா. ஊரில் ஒருத்தரை விடவில்லை நான். உட்கார்ந்து அழுதேன். ரெஜினா பக்கத்தில் நின்றாள், தலையில் கை வைத்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "எனக்கும்தான்" என்றாள்.

மே 1, சனி

செபஸ்தி வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். வாசலிலேயே "வாங்க மச்சான், டீ குடிக்கிறீங்களா?" என்று முந்திக்கொண்டான். அந்தப் புதுக் கடைக்காரனோடு நீ ஏன் டீ குடித்தாய் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். அது புதுக் கடைக்காரன் இல்லையாம், தபால்காரராம்.

சாயங்காலம் மீதி மூன்று ரோல். பெட்டியைத் திறக்கச் சாவியை ரெஜினாவிடம் கழற்றிக் கொடுத்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் பிலிமைச் சுருளில் ஏற்றியது நான். இருட்டில் யாருக்கும்தான் கண் தெரியாது, அங்கே என் கை இன்னும் என் கைதான். மூடியைப் போட்டு விளக்கைப் போட்டதும் அவளிடம் கேட்டேன். "எவ்வளவு தண்ணி?" அந்த அறையில் நான் ஒருத்தரிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணுக்கு ஒண்ணு. நேரம் நீங்க மார்ச்ல வச்ச நேரமே வைங்க."

அவள் அளந்து ஊற்றினாள், நான் மெதுவாக ஆட்டினேன்.

மே 4, செவ்வாய்

கெட்டுப்போன ரோலில் இருந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே நடந்து போய், என் தவறு, திரும்ப எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மறுபடி கவுனும் பூமுடியுமாக வந்துவிட்டார்கள். மெழுகுதிரியை மட்டும் வீட்டில் ஏற்றித் தீர்த்திருக்கிறார்கள், சிலர் கையில் கட்டைவிரல் அளவுதான் மிச்சம். சாமியார் மொத்தப் படத்தையும் இன்று வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் திரி குட்டையா இருக்கு?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அடுத்த வருஷமும் நீங்களே எடுங்கள் என்றார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம். துணிப்பையில் வேட்டி, துண்டு, செபமாலை எடுத்து வைத்தாயிற்று. வைத்ததை இரண்டு தடவை வெளியே எடுத்து மறுபடி அடுக்கினேன்.

கிளம்புவதற்கு முன்னால் புது நெகட்டிவ்களை ஒரு தடவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு இப்போதும் சப்பென்றுதான் இருக்கிறது. கவுனும் சுவரும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

"லேஸ் தெரியுதா?" என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

"தெரியுது."

"ஓட்டை?"

"ஓட்டையும் தெரியுதுங்க."

சரி என்று உறையில் போட்டு வைத்தேன். நூல் கட்டவில்லை, பவுடர் தூவவில்லை. அவள் சொன்னாள், நம்பினேன்.